ஊரடங்கில் ஓடியவர்களும் ஓடாதவர்களும்

கொரோனா ஊரடங்கின்போது உடற்பயிற்சியை விடாமல் செய்த கல்லூரி மாணவர்கள், செய்யாதவர்களைவிட மனத்தளவில் சற்றுத் தெம்பாக இருந்தார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கூறுவதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து, அதுவும் அன்றைக்குக் கல்லூரியில் படித்தவர்களிடமிருந்து வந்தவை. அரசுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

*

கேள்வி: ஐயா, நான் பைசுஅள்ளியில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயாராகி வருகிறேன். ஊரடங்கின்போது இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல்லூரியில் படித்தவர்களிடம் இணையவழிப் படிவம் அனுப்பி, அப்போது என்ன உடற்பயிற்சி செய்தீர்கள், மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டு ஆராயலாம் என்பது என் திட்டம். உடற்பயிற்சி செய்ததால் அவர்களுடைய மனம் நன்றாக இருந்ததா, மனம் நன்றாக இருந்தவர்கள்தாம் உடற்பயிற்சி செய்தார்களா? என் திட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.
— ஆய்வு மாணவர், தருமபுரி

பதில்: கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதைப் போலத் தோன்றினாலும் இதற்கு ஓரளவு விடை உண்டு. அதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை சேர்ப்பதன்று.

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மைதானத்தை இழந்த உடற்கல்வி ஆசிரியன் மாட்டைத் தொலைத்த மேய்ப்பனைப் போன்றவன். சும்மா இருக்க மாட்டாமல், ஏப்ரல் மாதம் எங்கள் மாணவர்களுக்குக் காலை 6 மணிக்குக் கைபேசியில் காணொளி வழியே பயிற்சி நடத்தத் தொடங்கினேன். முதல் நாள் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் எஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வராதவர்களைச் சோம்பேறிகள் என்று வாட்ஸ்அப் குழுவில் கடிந்து எழுதினேன். உடன் நின்றவர்கள் உற்சாகமாகத்தான் இருந்தார்கள். பார்த்தீர்களா, பயிற்சியின் மகிமையை என்று அவர்களைக் காட்டி மற்றவர்களைக் குத்திக்காட்டவும் செய்தேன்.

கல்லூரி திறந்து நேரில் பேசிய பிறகுதான் உண்மை தெரிந்தது. கடைசிவரை உடன் நின்றவர்களில் அநேகமாக எல்லாருக்கும் சொந்தக் கைபேசி இருந்தது, தனி அறையோ மொட்டை மாடியோ இருந்தது, வீட்டில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பாதியில் விட்டுப்போனவர்களில் ஒருவர் விடியுமுன் இராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை இறக்கப் போயிருக்கிறார். இன்னொருவரின் தந்தை பெங்களூரில் கட்டட வேலையை இழந்து வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார். இருந்த ஒரே கைபேசிக்கும் பணம் கட்டவில்லை. அன்றைக்கு நான் ஒரு வினாத்தாள் கொடுத்துக் கணக்கெடுத்திருந்தால், பயிற்சி செய்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்றுதான் விடை வந்திருக்கும். கணக்கு சரியாக இருந்திருக்கும். அதிலிருந்து நான் எடுத்த முடிவு தவறாக இருந்திருக்கும்.

ஊரடங்கு கால ஆய்வுகளில் மிகப் பலவற்றுக்கு இதே சிக்கல் உண்டு. ஒரே தடவை படிவம் அனுப்பி, இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்று பார்த்தவை அவை. தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. மனச்சோர்வு வந்தவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே மலையாகத் தெரியும். உடலில் சத்து வற்றிப்போனது போன்ற அந்த உணர்வு அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. அவர் ஓடவில்லை என்பதால் சோர்ந்தாரா, சோர்ந்ததால் ஓடவில்லையா என்பதைப் படிவம் எப்படி அறியும்? இரண்டுக்கும் பின்னால் வருமானம், வீட்டில் இடம், குடும்பத்தில் சச்சரவு என்று மூன்றாவது காரணம் ஒளிந்திருக்கவும் கூடும்.

திசையை அறிய வேறு வகை ஆய்வு வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999இல் வெளியிட்டது அவற்றுள் பெயர் பெற்றது. மனச்சோர்வு நோய் உறுதி செய்யப்பட்ட, 50 வயதை எட்டியவர்களும் கடந்தவர்களுமான 156 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சியும், ஒரு பிரிவுக்குச் செர்ட்ராலின் என்ற மருந்தும், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மருந்து உண்டவர்களிடம் முன்னேற்றம் சற்று விரைவாகத் தெரிந்தது. குலுக்கலில் பிரித்ததால், மனம் நன்றாக இருந்தவர்கள்தாம் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார்கள் என்று இங்கே சொல்ல வழியில்லை. ஆனால் எந்தச் சிகிச்சையும் பெறாத பிரிவு அதில் இல்லை. பயிற்சியும் கூட்டமாகச் சேர்ந்து செய்யப்பட்டது. ஆகவே தேற்றியது பயிற்சியா, துணையா என்ற ஐயம் கொஞ்சம் மிஞ்சியது. 2019இல் மரபணுத் தகவல்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், கையில் கட்டிய கருவி அளந்த உடலியக்கம் மனச்சோர்வு அபாயத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. மக்கள் தாங்களே வாயால் சொன்ன உடற்பயிற்சிக் கணக்கில் அது தெரியவில்லை. படிவத்தை மட்டும் நம்பப் போகிற உங்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆகவே முதல் கேள்விக்கு என் விடை: இரண்டு திசையிலும் ஓடுகிறது. உடற்பயிற்சி மனத்தைத் தூக்குவது உண்மை; மேடையில் பேசப்படும் அளவுக்குத் தூக்குவதில்லை.

இனி உங்கள் திட்டம். மனநிலையை அளக்கப் பலரும் கையாளும் டாஸ்-21 என்ற வினாத்தொகுப்பு, கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்றே கேட்கிறது. உடலியக்கத்துக்கான ஐபாக் வினாத்தாளும் கடந்த ஏழு நாள்களைத்தான் கேட்கிறது. அவற்றை இன்று கொடுத்து, 2020 மே மாதத்தை நினைத்து நிரப்புங்கள் என்றால், தராசில் துணியை அளப்பது போலாகிவிடும். இன்று மகிழ்ச்சியாக இருப்பவருக்கு அன்றைய துன்பமும் சிறிதாகத் தெரியும். இன்று வேலையில்லாமல் இருப்பவர் எல்லாம் அன்று தொடங்கியது என்பார். பழைய காலத்தைக் கேட்பதானால் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். நாட்குறிப்பு எழுதியவர்கள் இருப்பார்கள். சில கைபேசிகளில் அன்றைய அடிக்கணக்கு இன்னும் சேமிப்பில் கிடக்கும். அடுத்து, இணையவழிப் படிவம் யாருக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கம் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்ற பிள்ளை உங்கள் கணக்கில் வரமாட்டார், வரவேண்டியவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் இறுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது தமிழ்நாட்டில் பச்சையாக நின்ற ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. மே மாதம் அந்தப் பெயர் போய்விட்டது என்றாலும், முதல் சில வாரங்களில் அங்கே நோய் இல்லை, ஊரடங்கு மட்டும் இருந்தது. நோயைக் கண்ட அச்சம் வேறு, அடைபட்ட புழுக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க இப்படி ஓர் இடம் எளிதில் கிடைக்காது.

*

கேள்வி: 2020இல் நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, கல்லூரிக் கோ-கோ அணியில் இருந்தேன். விடுதியை மூடியதும் பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து சித்தப்பா குடும்பமும் வந்துவிட, வீட்டில் பதினோரு பேர். மாட்டுக் கொட்டகை, தண்ணீர்க் குடம், இரண்டு வேளைச் சமையல், களி கிளறுவது எல்லாம் எனக்கும் அம்மாவுக்கும்தான். காலையில் கொஞ்சம் ஓடிவிட்டு வருகிறேன் என்று கேட்டபோது, “இத்தனை வேலை செய்கிற பெண்ணுக்குத் தனியாக எதற்கு உடற்பயிற்சி?” என்று பெரியப்பா சிரித்தார். அவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டில் என் மனம் வாடியதைப் போல் எப்போதும் வாடியதில்லை. உடல் ஒரு நாழிகைகூட ஓயாதிருந்த எனக்கு, நீங்கள் சொல்கிற அந்தத் தெம்பு ஏன் வரவில்லை?
— வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான், அம்மா.

தசைக்கும் இதயத்துக்கும் உங்கள் பெரியப்பா சொன்னது பெருமளவு பொருந்தும். வீட்டு வேலையும் உடலியக்கமே என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதினோரு பேருக்கு ராகிக் களி கிளறுவது சாதாரணக் காரியமன்று. ஒரு முறை பெருமைக்குத் துடுப்பைப் பிடித்துப் பார்த்து, பாதியிலேயே என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நடுத்தர உழைப்பு என்று நூல்கள் சொல்லும் அளவை நீங்கள் நாள்தோறும் தாண்டியிருப்பீர்கள் என்பதில் ஐயமில்லை.

மனத்துக்கு வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. உடலியக்கத்தை ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது, பிழைப்புக்காகச் செய்வது, வீட்டு வேலை, போக்குவரத்துக்காக நடப்பது என்று தனித்தனியே பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், மனநலத்தோடு தெளிவாக இணைந்து நிற்பது ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வதுதான். வீட்டு வேலைக்கும் மனநலத்துக்கும் இடையே அத்தகைய தொடர்பு உறுதியாகத் தெரியவில்லை. எரிந்துபோன கலோரி ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஏன் என்பதற்கு நூல்கள் பல விளக்கங்கள் கூறுகின்றன; எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கோ-கோவில் விசில் ஊதினால் தொடங்கும், விசில் ஊதினால் முடியும். முடிந்தபின் வென்றோமோ தோற்றோமோ, தண்ணீர் குடித்துவிட்டுத் தோழியின் தோளில் சாய்ந்துகொள்ளலாம். வீட்டு வேலைக்கு முடிவு விசில் கிடையாது. கழுவிய பாத்திரம் இரவுக்குள் மீண்டும் அழுக்காகிவிடும். மைதானத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நேற்றைவிட இன்று வேகமாக ஓடினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் வேலை ஒழுங்காக நடந்தால் அது யார் கண்ணிலும் படாது, நின்றுபோனால்தான் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடலாமா வேண்டாமா என்பதை அங்கே நீங்கள் முடிவு செய்தீர்கள். ஊரடங்கில் நீங்கள் இழந்தது உடற்பயிற்சியை அன்று. அந்த முடிவையும், அணியையும், வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் உரிமையையும். வேலை அதிகமான அளவுக்கு இவையும் திரும்பக் கிடைத்திருந்தால் உங்கள் மனம் அவ்வளவு வாடியிருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தின் இறுதியில் ஒரு வரியாக, வீட்டில் திருமணப் பேச்சும் அப்போதுதான் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு நின்றுபோகுமோ என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எந்த ஓட்டமும் அதை முழுதாக இறக்கிவைத்துவிடாது.

இன்றும் அதே நிலையில் இருக்கும் தங்கைகளுக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். நாளில் அரை மணி நேரம், வேலையில் சேராத அரை மணி நேரம், அவளுடையது என்று வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் அவள் கயிறு தாண்டினாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் ஏரிக்கரை வரை நடந்தாலும் சரி. அண்ணனோ தம்பியோ அந்த நேரத்துக்கு மாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்; மாடு மறுப்புச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. எப்போதும் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றல் இருந்தால் அதை மனத்தின்மீது மட்டும் போட்டுவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. அதற்கு மாத்திரையும் உணவும் வேண்டும், ஓட்டம் பிறகு.

*

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் எண்டார்ஃபின் சுரந்து மகிழ்ச்சி வரும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: எண்டார்ஃபின் சுரப்பது உண்மை. ஆனால் இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால் கதை அவ்வளவு நேரானதன்று. வேறு பல வேதிப்பொருள்களும் பங்கேற்கின்றன. எனக்கு அதைவிட நம்பிக்கை தரும் விளக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, உடல் களைத்தவர் நன்றாகத் தூங்குகிறார். தூக்கம் சீரானால் மனம் பாதி சீராகிவிடும். இரண்டு, பதற்றக்காரர்களுக்கு நெஞ்சு படபடப்பதே பெரும் பயம். ஊரடங்கில் மூச்சு வாங்கினாலே கொரோனாவோ என்று நடுங்கியவர்கள் எத்தனையோ பேர். தானே விரும்பி ஓடி, நெஞ்சு படபடத்து, அது தானாகவே அடங்குவதைப் பல தடவை பார்த்தவருக்கு அந்தப் படபடப்பு பழகிப்போகிறது.

*

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நிமிடம் செய்ய வேண்டும்?
— மாணவி, பர்கூர்

பதில்: 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்றால் நடுத்தரம். நாலு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இல்லை என்றால் கடுமை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்குத்தான்.

*

கேள்வி: எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக் காட்டோரம். அதிகாலையில் நடங்கள், ஓடுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். எங்களுக்கு அதிகாலையில் யானை வருகிறது. ஊரடங்கில் போக்குவரத்து நின்றபோது வீட்டை விட்டே வெளியே வர யோசித்தோம். நாங்கள் என்ன செய்வது?
— மாணவர், தேன்கனிக்கோட்டை

பதில்: தம்பி, அறிவுரை சொன்னவர்கள் சேலத்திலோ சென்னையிலோ இருந்திருப்பார்கள். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் காட்டோரச் சாலையில் ஓடவே வேண்டாம். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓடுவது தற்கொலைக்கு ஒப்பு.

காலை 9 மணிக்குச் செய்த பயிற்சிக்குப் பலன் குறைவு என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. நெற்களம் அளவு இடம் போதும். தண்டால், பஸ்கி, கயிறு தாண்டுதல் இம்மூன்றும் நம் பாட்டன்மாருக்குப் பயில்வான் உடம்பைத் தந்தவை. தண்டால் வராதவர்கள் முதலில் சுவரில் கை ஊன்றி எடுக்கட்டும். பிறகு திண்ணை, பிறகு தரை. இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டு செய்தால் நீடிக்கும். வெயில் ஏறினால் மாமர நிழல் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமா?

*

கேள்வி: எங்கள் காலத்தில் ஏர் ஓட்டினோம், களை பறித்தோம். யாருக்கும் மன அழுத்தம் வந்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகும்.
— மூத்த வாசகர், அரூர்

பதில்: பெரியவரே, வந்தது; பெயர்தான் வேறு. காற்று கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள், பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தார்கள். ஏர் ஓட்டியவரும் அவர்களில் இருந்தார். மேலே உள்ள பாலக்கோட்டு வாசகியின் கடிதத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். அவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

*

கேள்வி: ஊரடங்கில் ஜிம்மை மூடியபோது பைத்தியம் பிடித்தது போல் ஆகிவிட்டேன். மீண்டும் திறந்ததிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. இப்போது காலை மாலை இரு வேளையும் போகிறேன். முழங்கால் வலிக்கிறது, ஆனால் ஒரு நாள் விட்டால் குற்ற உணர்வு தின்கிறது. சாப்பாட்டுக் கணக்கு கெட்டுவிடும் என்று அக்கா மகன் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. உடற்பயிற்சி மனத்துக்கு நல்லது என்று நீங்கள் எழுதியதை நண்பர்களிடம் காட்டினேன். அவர்கள் சிரிக்கிறார்கள்.
— வாசகர், ஓசூர்

பதில்: நண்பர்கள் சிரித்ததில் பொருள் இருக்கிறது. தாய்மாமன் மடி இல்லாமல் நடந்த காதுகுத்து, அக்காவுக்கு எவ்வளவு குறையாக இருந்திருக்கும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

வலியோடும் நிறுத்த முடியாமை, விட்டால் எரிச்சலும் குற்ற உணர்வும், நாளாக நாளாக அளவு கூடிக்கொண்டே போவது, அதற்காக உறவையும் விசேஷத்தையும் விலக்குவது: இந்த நான்கும் சேர்ந்தால் அதைப் பயிற்சி என்று சொல்வதைவிடப் பிடிப்பு என்று சொல்வதே பொருந்தும். ஊரடங்கில் வேறு எதுவும் உங்கள் கையில் இல்லாதபோது உடம்பு ஒன்றுதான் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. அதை இறுகப் பற்றிக்கொண்டீர்கள். அது தவறன்று. கதவு திறந்த பிறகும் கையை விட முடியாததுதான் கவலை. தசை வளர்வது எடை தூக்கும்போதன்று, ஓய்வின்போது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு என்பதையும் பயிற்சி அட்டவணையில் எழுதி, அதையும் தவறாமல் கடைப்பிடியுங்கள். முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிம்மில் யாரேனும் ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ கொடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இரண்டு நாள் ஓய்வை உங்களால் தாங்கவே முடியவில்லை என்றால், மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேச வேண்டிய நேரம் அது.

*

கேள்வி: என் மகன் ஊரடங்கின்போது கல்லூரியில் சேர்ந்தவன். முதலாண்டு முழுவதும் கைபேசியிலேயே பாடம். அப்போது பிடித்த பழக்கம்: விடிய விடிய விழித்திருப்பான், நண்பகலில் எழுவான். பட்டம் முடித்தும் அப்படியே இருக்கிறான். முன்பு வாலிபால் என்றால் உயிர். இப்போது பந்தைத் தொடுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் ஓடு, எல்லாம் சரியாகும் என்று தினமும் சொல்கிறேன். சோம்பேறி என்று ஒருநாள் அடிக்கவும் கை ஓங்கிவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், எழுந்து போய்விட்டான்.
— தந்தை, ஊத்தங்கரை

பதில்: ஐயா, நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது உங்கள் கையில் கோலாக மாறிவிட்டது. நானும் ஒரு காலத்தில் அதே கோலைத்தான் வீசினேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

கைபேசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2021 தொடக்கத்தில் இணையவழி வகுப்புக்காக அரசே மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. அன்று அதுதான் வகுப்பறை, அதுதான் மைதானம், அதுதான் நண்பர் வட்டம். காலை வெளிச்சம் கண்ணில் படாமல், நள்ளிரவு வரை திரை வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அது பழக்கம் என்றால் திருத்திவிடலாம்: தூங்கும் நேரத்தைப் பற்றிப் பேசாமல், எழும் நேரத்தை மட்டும் சில நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னே இழுத்து, எழுந்ததும் வெளிச்சத்தில் அரை மணி இருக்கச் செய்தால் மெல்ல மெல்ல வழிக்கு வரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தூக்கமன்று, வாலிபால். உயிராக இருந்த ஒன்றில் விருப்பம் அற்றுப்போவதும், பசி மாறுவதும், தூக்கம் கெடுவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். கால் முறிந்தவரை ஓடச் சொல்லி அடிப்பதில்லை அல்லவா? கொரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்ற நோயும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின, இளைஞர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. உங்கள் மகன் தனியாள் அல்லர்; அவரைத் தவிர வேறு யாரும் இப்படி இல்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. தனியாக இருக்கும்போது, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள்; அப்படி வருவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம். இல்லை என்றாலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

உடற்பயிற்சிக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மருந்துக்கும் பேச்சுக்கும் துணையாக. மனச்சோர்வில் இருப்பவர் விருப்பம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் அது வராது; சின்னதாக ஒன்றைச் செய்தால் விருப்பம் பின்னால் வரும். சின்னது என்றால், ஓட்டமன்று. மாலையில் நீங்கள் கடைத்தெருவுக்குப் போகும்போது, வண்டியை எடுக்காமல், “வாடா, பேசிக்கொண்டே போய் வருவோம்” என்று கூப்பிடுங்கள். பேச்சில் வேலையும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனும் வேண்டாம். வரவில்லை என்றால் மறுநாள் மீண்டும் கூப்பிடுங்கள், கோபம் இல்லாமல்.

மருத்துவமனைக்கு முதல் நாள் நீங்களும் உடன் செல்லுங்கள். மருத்துவர் அறைக்குள் முதலில் அவர் மட்டும் போகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.